டாஷ்போர்டில் யானை, கழற்ற முடியாது

யப்பானில் ஏலம் போகும் ஒவ்வொரு பழைய காருடனும் ஒரு தாள் வரும். அந்தத் தாளை வாசித்துச் சொல்வதுதான் என் தொழில்.

தாளில் காரின் படம் மேலிருந்து பார்த்தபடி வரைந்திருக்கும். பரிசோதகர் அதன்மேல் கீறலுக்கு ஓர் எழுத்து, நெளிவுக்கு ஓர் எழுத்து, துருவுக்கு, எங்கள் பேச்சில் கறளுக்கு, ஓர் எழுத்து என்று குறித்திருப்பார். கீழே நாலைந்து வரி கையெழுத்தில் கிறுக்கியிருப்பார். பதினைந்து வயது நிறைந்த கார்களைக் கனடாவுக்குள் இறக்கலாம் என்பதால், ரொறன்ரோவை அடுத்த மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் ராஜன் அண்ணை அவற்றை இறக்கி விற்கிறார். யப்பானில் இரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வந்த எனக்கு அந்தக் கிறுக்கல் வாசிக்கத் தெரியும். அங்கே நான் போனதே கார்களுக்காகத்தான் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. செய்கிற வேலையைச் சொந்த வீட்டில் விளங்கப்படுத்த முடியாமல் தவிக்கும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

அரை மணித்தியாலம்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் பட்டமளிப்புப் படம் வரவேற்பறையில் தொலைக்காட்சியை விடப் பெரிதாகத் தொங்குகிறது. அதன் கீழே இருந்து சாப்பிட்டுக்கொண்டு, பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் நின்ற என் அப்பாவுக்கு என் வேலையை விளக்க முயன்றேன். தாளில் இருந்த கார்ப் படத்தைக் காட்டினேன், எழுத்துகளைக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார்.

"உதை வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"தெரிஞ்ச ஆக்கள் பத்து நிமிசத்தில வாசிப்பினம். நான் மூண்டு தரம் சரிபாக்கிறனான், அரை மணித்தியாலம் எடுக்கும்" என்றேன், பெருமையாகத்தான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதுக்குள்ள கார் வித்துப் போகாதோ?"

பூச்சாடி

யப்பானில் கார் வைத்திருப்பதானால், அதை நிறுத்த இடம் இருக்கிறதென்று பொலிசுக்கு வரைபடம் வரைந்து காட்டவேண்டும். ஒரு காருக்கு ஓர் இடம்; இடம் இல்லாவிட்டால் கார் இல்லை. நான் இருந்தது கடலோரத்தில் ஒரு சிறு நகரம். என் அறைக்குப் பக்கத்தில் முடி திருத்தும் கடை வைத்திருந்த கியோக்கோ-சான் என்ற அம்மையார், தன் மகன் ஊரைவிட்டுப் போனதால் வெறுமையாகக் கிடந்த இடத்தை எனக்கு வாடகைக்குத் தந்தார். அளவு நாடாவோடு ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்த இடத்தில் குந்தியிருந்து வரைபடம் கீறினேன். சுவரோரம் இருந்த பூச்சாடியின் விட்டத்தையும் சென்ரிமீற்றரில் எழுதினேன்.

பொலிஸ்காரர் வந்து பார்த்தார். பூச்சாடியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி பூச்சாடியைப் பார்த்தார். "இது கூடவா காரோட்டப் போகிறது?" என்று கேட்டு முத்திரை குத்தினார்.

அப்படி வந்ததுதான் என் கார். இரண்டு பேர் மட்டுமே இருக்கலாம், கூரை திறக்கும், மஞ்சள் நிறம். நான் என் சொந்த விருப்பத்தில் யாரையும் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அது. அம்மா ரொறன்ரோவிலிருந்து பித்தளையில் ஒரு சின்னப் பிள்ளையார் அனுப்பினா. வளைவில் விழுந்துவிடக்கூடாதே என்று, கப்பல் கட்டுபவர்கள் பாவிக்கும் பசை வாங்கி டாஷ்போர்டில் ஒட்டினேன். பசை காயும் வரை ஒரு மணித்தியாலம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கியோக்கோ-சான் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"இவ்வளவு கவனமென்றால், யானைக்கும் ஒரு இருக்கைப் பட்டி கட்டிவிடுங்களேன்."

கோப்பிக்கு ஒரு மனைவி

இப்போது கொஞ்சம் ரொறன்ரோவுக்கு வருவோம். நாங்கள் விற்கும் கார்களில் ஸ்ரியரிங் வலப்பக்கம். கோப்பிக் கடையில் காரிலிருந்தபடியே வாங்கும் ஜன்னலோ எப்போதும் இடப்பக்கம். தனியாகப் போனால் கை எட்டாது. இதை வாங்குமுன்பே எல்லோருக்கும் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று நான் ராஜன் அண்ணையிடம் சொன்னேன். "நீ எழுதிக் குடுத்தியெண்டால் ஒருத்தனும் வாங்கான்" என்றார். நான் எழுதித்தான் கொடுத்தேன்.

எங்கள் வாடிக்கையாளர் அன்ரன் அங்கிள் அதை வாசிக்காமலே காரை வாங்கினார். மன்னாரில் வலப்பக்க ஸ்ரியரிங்கில் லொறி ஓடியவர். அவருக்கு எதையும் விளக்கத் தேவையில்லையாம். ஒரு மாதம் கழித்து ஒயில் மாற்ற வந்தபோது அவர் மனைவி அன்ரியும் கூட இருந்தா, இடப்பக்க சீற்றில், மடியில் நாலு கோப்பியோடு. என்ன அன்ரி, நீங்களும் வந்திருக்கிறீங்கள் என்று கேட்டேன்.

"முப்பது வருசமா நான் சொல்லுறது ஒண்டும் கேளாத மனுசன், தம்பி. இப்ப ஒரு கோப்பி குடிக்கிறதெண்டாலும் வாயும் கையும் என்ரைதான் வேணும்."

ஏழாவது பிரதி

இனி வருவதை எழுத எனக்கு விருப்பமில்லை. என்றாலும் இதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதினால் அது பொய்.

யப்பானில் என் ஒப்பந்தம் முடிந்தபோது காருக்குப் பதின்மூன்று வயது நிறைந்திருந்தது. பதினைந்து நிறையாமல் கனடாவுக்குக் கொண்டுவர முடியாது. கியோக்கோ-சான் தானாகவே சொன்னார்: "இங்கேயே நிற்கட்டும். என் பெயருக்கு மாற்றுங்கள். வயது வந்ததும் கூட்டிக்கொண்டு போங்கள்." கிழமைக்கு ஒருமுறை அதைக் கடற்கரை வரை ஓடிவிட்டு வருவதாகவும் சொன்னார்.

நான் ரொறன்ரோ திரும்பி ராஜன் அண்ணையிடம் சேர்ந்த சில நாளில் கியோக்கோ-சானிடமிருந்து கடிதம் வந்தது. மார்ச் முடிவில் காரின் கட்டாயப் பரிசோதனை காலாவதியாகிறது. ஏப்ரலில் அவருடைய மகன் தன் காரோடு வீடு திரும்புகிறார். இடம் ஒன்று, கார் இரண்டு. "வேறு இடம் பிடித்து வைத்திருக்கவா, விட்டுவிடவா? மார்ச் முடியுமுன் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்."

ஏழு வாரம் இருந்தது. 'வைத்திருங்கள்' என்ற ஒரு சொல் போதும். ஆனால் வேலை நிலைக்குமா என்று தெரியாமல் எப்படி வாக்குக் கொடுப்பது? மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜன் அண்ணையிடம் கேட்கவும் பயம். இதற்கிடையில், இப்படியொரு உதவியைத் தொலைபேசியில் கேட்பது மரியாதையில்லை என்று கடிதத்தை எழுதத் தொடங்கினேன். யப்பானிய மொழியில் மரியாதைக்குப் பல படிகள் உண்டு. உதவி கேட்கும் கடிதத்தில் ஒரு படி தவறினாலும் அவர் மனம் நோகும் என்று நினைத்தேன். முதற்பிரதியில் பணிவு போதவில்லை. மூன்றாவதில் கூடிவிட்டது. ஐந்தாவதில் மை ஊறியது. ஏழாவது சரியாக வந்தது. கடைசியில் துணிந்து வேலையைப் பற்றியும் கேட்டேன். "என்ன தகுதிகாண்? நீ வந்த அண்டைக்கே உன்னை எடுத்தாச்சடா. விசரா உனக்கு?" என்றார் ராஜன் அண்ணை. அன்றைக்கே ஓடிப்போய்த் தபாலில் போட்டேன்.

கடிதம் ஏப்ரல் நான்காம் நாள் போய்ச் சேர்ந்தது. முதலாம் நாள் அவர் காரை ஒரு கார் வியாபாரியிடம் கொடுத்துவிட்டார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடைசி நாள் மாலை வரை தபால்காரரைப் பார்த்திருந்ததாக எழுதியிருந்தார். கீழே இதையும் எழுதியிருந்தார்:

"உங்கள் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. பிழைகளோடு ஒரு கிழமை முந்தி வந்திருக்கலாம்."

தாளில் இல்லாதது

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏலப் பட்டியலில் மஞ்சள் கார்களைத் தேடுவேன். வயது பதினைந்து நிறைந்தால் எங்கள் பக்கம் வரக்கூடும். வந்தால் இந்த முறை விடமாட்டேன் என்று இருந்தேன். ஒன்றரை வருடம் வரவில்லை. பிறகு வந்தது. ஆனால் எனக்காகத் தேடியபோது அல்ல. டிலானிக்காகத் தேடியபோது வந்தது.

டிலானி இங்கே பிறந்தவள். ஸ்ரௌவ்வில்லில் வீடு, ஒஷாவாவில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. கூரை திறக்கும் சின்னக் கார்தான் வேண்டுமென்று இரண்டு மாதமாக எங்களோடு நின்றாள். அன்று அவளுக்குப் பொருந்திய மூன்று தாள்களை எடுத்து வைத்திருந்தேன். மூன்றாவதை அவள் முன்னாலேயே வாசிக்கத் தொடங்கினேன். தரம் சுமார். நிறம் மஞ்சள், ஆனால் அதற்குள் எத்தனையோ மஞ்சள் கார்களைப் பார்த்துவிட்டேன். முன்பக்கம் கீறல். கீழே பரிசோதகரின் கையெழுத்தில் கடைசி வரி: 'டாஷ்போர்டில் யானை, கழற்ற முடியாது.'

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்ன அண்ணா? பேட் நியூஸா?"

"டாஷ்போர்டில ஒரு யானை ஒட்டியிருக்காம்."

"யானையா? வியர்டா இருக்கே. அப்ப நெக்ஸ்ட் பாப்பம்."

அத்தோடு விட்டிருக்கலாம். தாளில் யானை என்றுதான் இருந்தது. நான் யானை என்றுதான் சொன்னேன். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்ததை மறைத்துத் தாள் வாசிப்பது என்னால் முடியவில்லை.

"யானை இல்லை, டிலானி. பிள்ளையார்."

அவள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "ஷட் அப்! யப்பான் காருக்குள்ள பிள்ளையாரா? அண்ணா, இது எனக்குத்தான் வருது. அம்மா அழுதிடுவா."

"இடப்பக்கம் அடியில கறளும் இருக்கும். தாளில இல்லை."

"தாளில இல்லாட்டி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கடற்கரைச் சுவரில் அதை உரசி, பரிசோதகர் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கவனமாக வர்ணம் பூசியவன் நான்தான் என்று சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். ராஜன் அண்ணை கணினியை விட்டுத் திரும்பிப் பார்த்தார். டிலானி தாளை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப நீங்க எடுங்கோ அண்ணா. நான் வேற பாக்கிறன். சீரியஸ்லி. உங்களுக்கு வேணுமா?"

வேண்டும். ஒன்றரை வருடமாக வேண்டும். ஆனால் வீட்டில் எங்களுக்கு ஒரு தரிப்பிடம்தான். அதில் அப்பாவின் கார் நிற்கிறது. வாடிக்கையாளரின் காரை வேலையாள் பறித்தான் என்று வராதா? கறள் எவ்வளவு பரவியிருக்கும்? தாளின் மேல் மூலையில் ஏல நேரம் இருந்தது. எங்கள் நேரத்துக்கு மாலை ஆறு மணிக்குள் எங்கள் விலையைக் கணினியில் போடவேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஆறாக எட்டு நிமிடம் இருந்தது.

"நான் நாளைக்குச் சொல்லட்டே?" என்று என் வாய் சொல்வதை நானே கேட்டேன்.

ராஜன் அண்ணை கணினியை டிலானியின் பக்கம் திருப்பி வைத்தார். "பிள்ளை, நீ போடு. உவன் நாளைக்குச் சொல்லுவான், நாளண்டைக்கும் சொல்லுவான்."

இடப்பக்க சீற்

கப்பலில் கார் வந்து சேர இரண்டு மாதம். கறளைச் சுரண்டி, சரியாக்கி, வர்ணம் பூசியது நான்தான். அதற்குக் கூலி எடுக்கவில்லை. பிள்ளையாரைத் துடைத்தேன். பரிசோதகர் சொன்னது சரி, அசைக்க முடியவில்லை.

டிலானி கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு, கூரையைத் திறந்து, இடப்பக்கக் கதவைக் காட்டினாள். "ஏறுங்கோ அண்ணா. கோப்பி வாங்கவேணும். எனக்கு கை எட்டாது, நீங்கதானே எழுதித் தந்தீங்க."

அந்த சீற்றில் நான் இருந்ததே இல்லை. இரண்டு வருடமும் வலப்பக்கம்தான். ஓட்டுபவரைப் பார்க்கும்படி நான் ஒட்டியிருந்த பிள்ளையார் இப்போது டிலானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய ஒரு காதுதான் தெரிந்தது. ஸ்ரீல்ஸ் வீதியில் அவள் நன்றாக ஓட்டினாள். மூன்றாம் கியரில் ஒரு சின்ன இழுப்பு வரும், அப்போது கிளச்சைக் கொஞ்சம் முந்தி விடவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தானாகவே விட்டாள்.

கோப்பிக் கடையில் ஒலிபெருக்கி என் முகத்துக்கு நேரே இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். டிலானிக்குப் பாலும் சீனியும் இரட்டிப்பு என்று சொன்னேன். எனக்கு என்ன என்று கேட்டார்கள். நான் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். பிறகு ஒருமுறை கீழிருந்து மேலே பார்த்தேன். பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"அண்ணா, லைன் நிக்குது. பிழையெண்டாலும் பரவாயில்லை, ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ."

ஒரு காரின் எல்லாக் கீறலையும் தாளில் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் தாளின் மேல் மூலையில் இருக்கும் நேரத்தைத்தான் இன்னும் வாசிக்கப் பழகவில்லை.