மில்டன் நீட்டிய மாத்தே

மில்டன் ஒலிவேராவின் கடைக்குக் கறி வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எங்கள் ஊரில் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்துவிட்டு அங்கேதான் போவார்கள். எங்கள் துராஸ்னோ ஊரில் வேறு கறிக்கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் மாட்டு விலாவை எலும்போடு குறுக்காக, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கனத்தில், எலும்புத் தூள் அப்பிக்கொள்ளாமல் அறுத்துக் கொடுப்பது அந்தக் கடை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நெருப்பில் அந்த விலா வேகாவிட்டால் எங்களுக்கு வாரம் முடிந்த மாதிரியே இருக்காது.

நான் மாபெல், அந்தக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். மில்டனையும் அவன் கூட்டாளி எல்பியோவையும் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து தெரியும். இருவருக்கும் நான் அக்கா. திட்டுவதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மில்டன் எலும்பு அறுக்கும் ரம்ப மிஷின் முன்னால் நிற்பதை முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கோபம்தான் வரும். ரம்பத்தில் சிக்கிவிடக் கூடாதென்று கையுறையைக் கழற்றுவான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுவான். கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் திணிப்பான். கறியின் உயரத்தைப் பார்த்து, அதற்குச் சற்றே மேலே நிற்கும்படி மறைப்புத் தகட்டை இறக்குவான். ரம்பப் பட்டை தேவைக்கு மேல் கொஞ்சம்கூட வெளியே தெரியக் கூடாது. கறியின் தட்டையான பக்கம் மேடையில் பதிந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பான், ஆடினால் திருப்பி வைப்பான். அப்புறம்தான் பொத்தான். பட்டை முழு வேகம் பிடித்த பிறகுதான் கறியை அதன் பக்கம் நகர்த்துவான். துண்டு சிறுத்துக்கொண்டு வரும்போது கையை விலக்கிவிட்டுத் தள்ளுகட்டையால் தள்ளுவான்.

யாராவது ஒரு வார்த்தை பேசினால் போதும், மிஷினை நிறுத்திவிடுவான். நிறுத்தியதும் திரும்பிவிட மாட்டான். பொத்தானை அணைத்த பிறகும் பட்டை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பிறகு திரும்பி, "சொல்லுங்க" என்பான்.

"ஒண்ணுமில்லப்பா, இன்னிக்குக் குளிர் ஜாஸ்தின்னேன்" என்பாள் டெல்மிரா. அடுத்த தெருக்காரி, வாய் சும்மா இருக்காது.

"ஆமா, ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

"இந்தப் பசு பொறந்து வளர்ந்து பெரிசாகறதுக்குக்கூட இவ்வளவு நாள் ஆகியிருக்காது" என்று அவள் முணுமுணுப்பாள். வரிசையே சிரிக்கும். மில்டன் மட்டும் சிரிக்க மாட்டான்.

இதெல்லாம் போன மாதம் வரை. அவன் அப்படி நின்றது சுபாவத்தால் இல்லை. சுபாவத்தில் மில்டன் அவசரக்காரன், வாயாடி. ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னொன்றைத் தொடங்கி மூன்றாவதைப் பற்றிப் பேசுகிற ஆள். மேலே சொன்ன ஒவ்வொரு பழக்கமும், கையைக் கட்டிக்கொண்டு நிற்பது உட்பட, எல்பியோவுடையது.

இருவரும் ஊருக்கு வெளியே இருந்த இறைச்சி ஆலையில் ஒரே வரிசையில் வேலை பார்த்தவர்கள். ஆலையை மூடியபோது மில்டன் துணிந்து கடை வைத்தான், பழைய ரம்ப மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டான், எல்பியோவைக் கூப்பிட்டுக்கொண்டான். மில்டனுக்குக் கத்தியும் வாடிக்கையாளரும், எல்பியோவுக்கு ரம்பம் என்று பிரித்துக்கொண்டார்கள். எல்பியோ தகட்டை இறக்கி, கறியைத் திருப்பி வைத்து, பட்டை நிற்கும்வரை காத்திருப்பதைப் பார்த்து மில்டன் சும்மா விட மாட்டான்.

"என்னடா, மிஷினுக்குத் தாலாட்டு பாடி முடிச்சியா?"

"தூங்கிடுச்சு. நீ சத்தம் போட்டு எழுப்பிடாத" என்பான் எல்பியோ.

கடைக்குள் மாத்தே பானம் எப்போதும் கை மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும். சுரைக்குடுக்கையில் இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழலோடு ஊற்றுகிறவன் நீட்டுவான். வாங்கியவர் குடித்துவிட்டுத் திருப்பித் தருவார். அவன் மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு நீட்டுவான். எங்கள் கடையில் ஊற்றுகிறவன் மில்டன். நீட்டிய கையை அந்தரத்தில் நிற்க விடுவது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. சண்டை போட்ட ஆட்கள்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தந்தையர் தினத்துக்கு முந்தின சனிக்கிழமை. வரிசை தெருவரை நின்றது. எல்பியோ ஒரு பெரிய விலாவை அறுத்து முடிக்கிற கட்டத்தில் இருந்தான்.

"டேய் எல்பியோ, உன் முறை" என்று மில்டன் குடுக்கையை நீட்டினான்.

எல்பியோ கண்ணை எடுக்கவில்லை. "இரு, இதை முடிச்சுக்கறேன்."

"நீ முடிக்கறதுக்குள்ள நாளைக்கு விடிஞ்சுடும். ஆறிப்போகுது. கை வலிக்குதுடா, வாங்கித் தொலை."

வரிசையில் சிரித்தார்கள். "பாவம், எவ்வளவு நேரம் கெஞ்சறான், வாங்கிக்கோயேன்" என்று யாரோ சொன்னார்கள். எல்பியோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வலது கையில் தள்ளுகட்டை இருந்தது. அதை வைத்துவிட்டு அந்தக் கையைத்தான் நீட்டினான். முகமும் கூடவே திரும்பியது. இடது கை கடைசித் துண்டை அழுத்திக்கொண்டிருந்தது. துண்டு புரண்டது.

குடுக்கை தரையில் விழுந்து பச்சைத்தூள் சிதறியதைத்தான் நான் முதலில் பார்த்தேன். எல்பியோ கத்தவில்லை. மில்டன்தான் கத்தினான். இடது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

ஆஸ்பத்திரிக்கு எல்பியோவின் மனைவி இர்மா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். "என்ன ஆச்சு, அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லையே" என்று மில்டனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரு நொடி கண்ணை எடுத்துட்டான் இர்மா" என்றான் மில்டன்.

அவன் சொன்னது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் அவனே உளறிக் கொட்டியிருப்பான். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. எல்பியோ கண்ணை எடுத்துவிட்டான், அவ்வளவு கவனமான ஆளுக்கே இப்படி என்று உச்சுக்கொட்டினார்கள். வரிசையில் நின்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். தாங்கள் சிரித்ததை ஒருவரும் சொல்லவில்லை.

அன்று மாலையே நான் மில்டனிடம் கேட்டேன். "கண்ணை எடுத்தான், சரி. எடுக்க வச்சது யாருன்னும் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்றேன் அக்கா. அவன் கொஞ்சம் தேறி வரட்டும்."

எல்பியோ தேறினான். மில்டன் சொல்லவில்லை. நானே போய் இர்மாவிடம் சொல்லியிருக்கலாம்தான். அது அவன் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை என்று எனக்கு ஒரு வீம்பு.

சொல்வதற்குப் பதிலாக மில்டன் என்னென்னவோ செய்தான். கடைக்குள் மாத்தே கூடாது என்று பலகை மாட்டினான். சுகாதார அதிகாரிகள் உத்தரவு என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். ரம்பத்தைத் தானே எடுத்துக்கொண்டு, எல்பியோ நின்ற மாதிரியே நிற்கக் கற்றுக்கொண்டான். வெள்ளிக்கிழமைதோறும் இருப்பதிலேயே நல்ல கறியைப் பொட்டலம் கட்டி எல்பியோ வீட்டுக்கு அனுப்பினான். எல்பியோ வேலைக்குத் திரும்பியதும் என் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். ஒரு கல்லாவுக்கு இரண்டு பேர். நான் சில்லறை கொடுப்பேன், எல்பியோ நான் கொடுப்பதைப் பார்ப்பான்.

"எதுக்கு அக்கா நான் இங்க? நீங்க ஓடிடாம காவலா?" என்று முதலில் சிரித்தான். போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

மாதம் ஒரு முறையாவது கேட்பான், "இன்னிக்கு நான் அறுக்கட்டுமா?"

"வேண்டாம்டா. நீ உக்காரு." மில்டன் அவன் முகத்தைப் பார்க்காமலே சொல்வான்.

மில்டன் தன் கையால் இன்னொரு தடவை அவனுக்கு எதுவும் நேர்ந்துவிடக் கூடாது என்று நடுங்கினான். எல்பியோ காதில் அது வேறு மாதிரி விழுந்தது: உன்னை நம்ப முடியாது. இதைப் பக்கத்து ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. இரண்டு பேர் தலையிலும் ஆளுக்கொன்று போடலாம் போல வரும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை நான் கடைக்குள் நுழைந்தபோது எல்பியோ ஏப்ரன் கட்டிக்கொண்டு ரம்பத்தின் முன்னால் நின்றான். தகடு இறங்கியிருந்தது, விலா மேடையில் பதிந்திருந்தது. தள்ளுகட்டை வலது கையில் இருந்தது. மில்டன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான், கையில் பிடுங்கிய பிளக்.

"போடு அதை" என்றான் எல்பியோ.

"வேண்டாம் எல்பியோ. சொன்னா கேளு."

"வலது கையில அஞ்சும் இருக்கு. இடது கையில மூணு இருக்கு. டாக்டரே வேலை செய்யலாம்னுட்டாரு. உனக்கு மட்டும் என்ன?"

"அதுக்கில்லடா."

"பின்ன எதுக்கு? கவனமில்லாத பயன்னு நீயும் முடிவு கட்டிட்டியா?"

மில்டன் பிளக்கைச் செருகவில்லை. எல்பியோ பேச ஆரம்பித்தான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"என் வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியுமா உனக்கு? ஞாயித்துக்கிழமை நெருப்பை மருமகன் போடறான். நான் என் கையால செங்கல் வச்சுக் கட்டின அடுப்பு அது. என்னை நாற்காலியில உக்கார வச்சுத் தட்டுல கறி கொண்டு வந்து கொடுக்கறாங்க, நோயாளிக்குக் கொடுக்கற மாதிரி. ரொட்டி நறுக்க இர்மா எங்கிட்ட கத்தி கொடுக்கறதில்ல. பேரன் கிட்ட வந்தா, தாத்தா கண்ணை எடுத்துடுவாரு, தள்ளி நில்லுங்கறா."

மில்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தானேடா நீட்டினேன். வாங்கித் தொலைன்னு நான்தானே சொன்னேன்."

"தெரியும்" என்றான் எல்பியோ. "வாங்கப் போனது நான்தானே. அது என் தப்பு, அதை நான் சுமந்துக்கறேன். உன் பங்கை நீ என்னைக்குச் சொல்லுவேன்னு ரெண்டு வருஷமா உன் எதிர்லதான் உக்காந்திருக்கேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்பா, நீயே வீட்டுல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் அக்கா. ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். இர்மா நம்பல. மில்டன் அப்படிச் சொல்லலியே, உன் தப்புக்கு ஏன் அந்த மனுஷனை இழுக்கறேன்னு கேட்டா. அப்புறம் வாராவாரம் இவன் கறிப் பொட்டலம் வேற வந்துச்சு. பாரு, எவ்வளவு நல்லவரு, அவரைப் போய்ச் சொன்னியேன்னா. அதோட நான் வாயை மூடிக்கிட்டேன்."

மில்டன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். "மன்னிச்சுக்கடா" என்றான்.

"எங்கிட்ட சொல்லி என்ன பண்றது. அங்க போய்ச் சொல்லு."

மில்டன் பிளக்கைச் செருகினான். ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினான். வெளியே டெல்மிரா உட்பட ஏழெட்டுப் பேர் கதவு திறக்கக் காத்திருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் அந்தக் குளிரில் நடந்து போனான். எல்பியோ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "கதவைத் திறங்க அக்கா" என்றான். அன்று முழுக்க அவன்தான் அறுத்தான். ரம்பத்தின் சத்தம் கேட்ட நேரமெல்லாம் நான் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு அவன் கையைப் பார்த்தேன். டெல்மிரா ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்பியோ வீட்டில் நடந்ததை இர்மாவே பிறகு எனக்குச் சொன்னாள். சமையலறை வாசலில் நின்றபடியே மில்டன் எல்லாவற்றையும் சொன்னானாம். நீட்டியது, அவசரப்படுத்தியது, கை வலிக்கிறது என்றது, ஒன்றையும் விடவில்லை. அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

"உன் முகத்தைப் பார்த்தேன். பயமா இருந்துச்சு."

அவள் திட்டவில்லை. "என் புருஷனை நான் பொய்யன்னு சொல்லிட்டேன். வலியில படுத்துக் கிடந்தவனை. அதை இனிமே நான் எங்க கொண்டு போய்ப் போடறது?" என்றாளாம். பிறகு, "கறி அனுப்பாதீங்க, காசு கொடுத்து வாங்கிக்கறோம். போங்க, கடையில ஆள் நிக்கும்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எல்பியோ நெருப்புப் போட்டான். முன்பெல்லாம் மில்டன் இல்லாமல் அந்த வீட்டில் நெருப்பு எரிந்ததில்லை. அன்று அவனைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை. எல்பியோ கடையில் அவனோடு சகஜமாகத்தான் பேசுகிறான், வீட்டுப் பேச்சு மட்டும் எடுப்பதில்லை.

நேற்று நான் கல்லாவை மூடிக்கொண்டிருந்தபோது மில்டன் வந்து அந்தக் காலி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்டா மனசு லேசாகும்னு நெனச்சேன் அக்கா. ஆகல."

"உன் மனசு லேசாகறதுக்கா உன்னைச் சொல்லச் சொன்னேன்?" என்று கேட்டேன்.