பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு எலுமிச்சம்பழம்

காளியம்மா கார் வாங்கியபோது அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் கிடையாது. சின்ன வயதில் அம்மாவோடு ரப்பர் காட்டில் பால்வாளி தூக்கியவள், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். வயது ஐம்பதைத் தாண்டியும் சைக்கிளைக்கூட உருட்டியதில்லை. அப்படிப்பட்டவளுக்குப் பழைய ‘கஞ்சில்’ ரகக் குட்டிக் கார் ஒன்று தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றால் ஊர் சும்மா இருக்குமா? சிரித்தது. காளியம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வண்டி துடைக்கத் துணி தேடப் போனாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் கணவர் பிச்சைமுத்துவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று முறை ஈப்போ டவுனுக்குப் போய் ரத்தம் கழுவியாக வேண்டும். தோட்டத்தில் மிச்சம் இருப்பதே சில குடும்பங்கள். பஸ் வருவது எப்போதோ நின்றுவிட்டது. வாடகைக் கார்க்காரர்கள் செம்மண் சாலை என்று கேட்டதுமே போனை வைத்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தர்மாதான் தன் வேனில் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். அந்தத் தர்மாவுக்கு ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டது. தீபாவளி கழிந்ததும் கிளம்புகிறான்.

விஷயம் தெரிந்த அன்று பிச்சைமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

“போதும் காளி. வாழ்ந்த வரைக்கும் போதும். இனிமே ஈப்போவும் வேணாம், ஒன்னும் வேணாம்.”

ரத்தம் கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அன்று நன்றாக அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, தோட்டத்து மேட்டில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்குப் போனாள். நோயைத் தீர்த்துவை என்று கேட்கவில்லை. யாரையாவது அனுப்பிவை என்றும் கேட்கவில்லை. சூடத்தைக் கொளுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசினாள்.

“நான் ஸ்டேரிங்கப் புடிக்கிறேன். ரோட்ட நீ பாத்துக்க.”

அடுத்த வாரமே கார் வந்துவிட்டது. வண்டி வாங்கினால் முனியாண்டிக்கு முன்னால் பூசை போட்டு, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது வழக்கம். பூசாரி ராமையா பழங்களை வைத்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொல்லித் தர்மாவுக்குக் கை காட்டினார். அதற்குள் காளியம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“ஒனக்குத்தான் ஓட்டத் தெரியாதேம்மா,” என்றார் ராமையா.

“வண்டி எனக்குத்தானே. ஸ்டேரிங்கப் புடிக்கத் தெரியும்லா. தள்ளச் சொல்லுங்க.”

தள்ளினார்கள். சிரித்துக்கொண்டே தள்ளியதில் பாதி பலம் சிரிப்பிலேயே போயிற்று. மூன்று பழம் நசுங்கியது. நாலாவது வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே உருண்டது. சகுனம் சரியில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். காளியம்மா இறங்கிப் போய் அந்தப் பழத்தை எடுத்துத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

“எனக்குன்னு மிச்சம் வச்சிருக்காரு,” என்றாள்.

தர்மா சொல்லிக்கொடுக்க, பழகப் பழக ஓட்டம் வந்தது. வராதது ஒன்றுதான். லைசென்ஸ் பரீட்சைத் திடலில் பூக்கிட் என்று ஒரு மேடு உண்டு. ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். காளியம்மாவின் வண்டி முதல் தடவையும் உருண்டது, அடுத்த தடவையும் உருண்டது. தோற்றுத் திரும்பிய கையோடு முனியாண்டியிடம் சண்டைக்குப் போனாள்.

“ரோட்ட நீ பாத்துக்கன்னு சொன்னேன். என்னத்தப் பாத்த?”

கத்தித் தீர்த்துவிட்டு இறங்கும்போதுதான் கோயில் மேடு அவள் கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் ஏறி இறங்கிய மேடு. பரீட்சைத் திடலின் மேட்டுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அன்று மாலையே தர்மாவைக் கூப்பிட்டு, காரை மேட்டின் பாதியில் நிறுத்தி, அன்றிலிருந்து பத்திரமாக வைத்திருந்த பழத்தை எடுத்து நீட்டினாள்.

“இதப் பின்சக்கரத்துக்குப் பின்னால வை.”

“அக்கா, சாமிப் பழம்லா. முன்னால வச்சு ஏத்துறதுதான் மொற.”

“முன்னால போறத அவரு பாத்துக்குவாரு. பின்னால போகாம நாந்தான் பாத்துக்கணும்.”

மிச்சம் வைத்த அந்தப் பழம் முதல் முயற்சியிலேயே சட்னியாகிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் ஒரு பழம். சாமி காரியத்தை விளையாட்டாக்குகிறாள் என்று ராமையா திட்டினார். திட்டிக்கொண்டே தன் வீட்டு மரத்துப் பழங்களையும் பறித்துக் கொடுத்தார். மேடு முழுக்க எலுமிச்சை வாசம். பிச்சைமுத்து மட்டும் அந்தப் பக்கம் வரவே இல்லை. தர்மாவின் வேன் இருக்கும் வரைக்கும் ஈப்போவுக்குப் போகிறேன் என்பதோடு சரி.

ஒரு மாலை, கார் மேடேறிப் போய்க் கோயில் வாசலில் நின்றது. மேட்டின் பாதியில் தர்மா குனிந்து பழத்தைக் கையில் எடுத்தான். ஒரு கீறல் இல்லை. காளியம்மா ஸ்டேரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அடுத்த பரீட்சையில் பூக்கிட்டைத் தாண்டினாள். லைசென்ஸை முனியாண்டியின் காலடியில் வைத்து எடுத்தாள்.

தர்மா போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை விடியும்போதே மழை. பிச்சைமுத்து கட்டிலைவிட்டு அசையவில்லை.

“இன்னிக்கு ஒருநாள் வாங்க. வண்டி சரியில்லைன்னா அப்புறம் உங்க இஷ்டம்,” என்றாள்.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இருந்தும் ஓட்டினாள். ஈப்போவுக்குள் நுழைந்து மேம்பாலம் ஏறும்போது வாகனங்கள் தேங்கி நின்றுவிட்டன. ஏற்றத்தின் நடுவில் அவளும் நின்றாள். பின்னால் கல் லாரி ஒன்று, கண்ணாடியில் வேறெதுவும் தெரியாத அளவுக்கு நெருங்கி நின்றது. பிச்சைமுத்து கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. காளியம்மா முனியாண்டியைக் கூப்பிட்டாள். கிளச்சைப் பாதி விட்டு, எஞ்சின் குரல் இறங்கும்வரை காத்திருந்து, கைப்பிரேக்கை விடுவித்தாள். கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. முன்னால்தான் போனது.

ரத்தம் கழுவும் நிலையத்து வாசலில் இறங்கிய பிச்சைமுத்து உள்ளே போகாமல், குனிந்து பின்சக்கரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“புதங்கெழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?”