கம்ப்யூட்டர் கடிக்காது என்றேன்

போன வருடம் ஐப்பசி மாதம், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆரணியில் எங்கள் சர்ச்சின் பின்னறையில் பெரியவர்களுக்கு புரோகிராமிங் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். நான் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவள். என்னைவிட மூத்தவர்கள் முன் நின்று பேசுவதென்றாலே எனக்கு உதறும். அதனால் பாடத்தை விழுந்து விழுந்து தயார் செய்தேன். கண்ணாடி முன் நின்று பேசிக்கூடப் பார்த்தேன். நன்கொடையாக வந்த பழைய கம்ப்யூட்டர்களை மட்டும், ஆன் ஆகிறதா என்று பார்த்ததோடு சரி.

வந்தவர்களில் பட்டுக்கடைக்காரர்கள் இருந்தார்கள், களம்பூர் ரைஸ்மில்லில் வேலை செய்பவர்கள் இருந்தார்கள். சேவூரிலிருந்து தறி நெய்யும் ஒரு அக்காவும் வந்தார். அவருடைய மகள் வெளியூரில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள் போனில் பேசுவது தனக்கும் கொஞ்சம் புரிய வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். யாரும் சொல்லவில்லை. தறி இருக்கும் அறைக்குள் செருப்போடு போகாதவர்கள், கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதையைக் கொடுத்தார்கள். நானும் கழற்றிவிட்டேன்.

முதல் வகுப்பிலேயே அக்கா மெஷின்மேல் கை வைப்பதும் வெடுக்கென்று எடுப்பதுமாக இருந்தார். மிரள்கிறார் என்று நினைத்து, "பயப்படாதீங்கக்கா, கம்ப்யூட்டர் ஒண்ணும் கடிக்காது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நல்ல டீச்சர்தான் நான் என்று எனக்கே ஒரு பெருமை.

அடுத்த வகுப்பன்றுதான் அந்த மழை. நனைந்து வந்தவர்களின் துணி சொட்டி அறை முழுக்க ஈரம். பென் டிரைவைச் செருகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் ஒரு கை இரும்புப் பெட்டியைப் பிடித்தபடி வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கண் நிலைகுத்தியிருந்தது. அவர் கத்தவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரைப் பிடித்து இழுக்கப் போன என் கை பாதியில் நின்றது. கரண்ட்! மெயின் சுவிட்சை நோக்கி ஓடினேன். காலடியில் ஈரம், கையும் ஈரம். தொட்டால் நானும் ஒட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் அதையும் தொட முடியவில்லை. அந்த ஒரு கணம் நான் உயிரோடு இருந்தேனா என்றே தெரியாது. வாசலுக்குப் பாய்ந்து, கைக்குக் கிடைத்த யாருடையதோ ரப்பர் செருப்பை எடுத்து வந்து சுவிட்சின்மேல் ஓங்கி அடித்தேன். அறை இருண்டது. அக்கா தொப்பென்று விழுந்தார்.

ஆட்டோவில் என் மடியில் கிடந்தவரின் மூச்சையே பார்த்துக்கொண்டு போனேன். அந்த மகளுக்கு போன் செய்து நான் என்னவென்று சொல்வேன்? கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தவரிடம், முன்னாலேயே ஷாக் அடித்ததா என்று கேட்டேன்.

"மொதல் நாள்லருந்தே சுர்ரு சுர்ருன்னு இழுத்துகினுதான் இருந்துச்சு மேடம். நீங்க கடிக்காதுன்னு சொன்னீங்க. அல்லாரும் கம்முனு ஒக்காந்துகினு இருந்தாங்க. புதுசு, அப்படித்தான் இருக்கும், கத்துக்கினா சரியாப்பூடும்னு நானும் கம்முனு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். அந்த அறைக்கு எர்த் இணைப்பே இல்லையாம். அதையெல்லாம் சரிசெய்து மறுபடி வகுப்பு தொடங்கிய அன்று, அக்கா வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். வாசலில் நின்று, "செருப்பு போட்டுகினே வரட்டுமா மேடம்?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் யாராவது கையை வெடுக்கென்று எடுத்தால் நான் சிரிப்பதில்லை, என்ன ஆச்சு என்று கேட்கிறேன். வகுப்பு சத்தமில்லாமல் இருந்தால் மற்ற டீச்சர்களுக்கு நிம்மதியாக இருக்கலாம். நான் எழுந்து ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வருகிறேன்.