ராஜகுமாரியின் புடவை என்ன கலர்?

எனக்குக் கல்யாணம் நடந்ததற்குக் காரணம் ஒரு பழைய தெலுங்குப் படம். அப்போது அந்தப் படத்தை நான் பார்த்தது கூடக் கிடையாது.

பெண் வீட்டார் தெலுங்கு பேசும் நெசவாளிகள், நாங்கள் தமிழ் பேசும் நெசவாளிகள். காஞ்சிபுரத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. பெண்ணும் நானும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டோம். அவள் அப்பா மட்டும்தான் பாக்கி. வேட்டியை மூன்று முறை சரி செய்துகொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். தறியைப் பற்றிக் கேட்பார், சம்பாத்தியத்தைப் பற்றிக் கேட்பார் என்று பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"தம்பி சினிமா பாப்பியா?"

அவர் வாழ்க்கையில் படம் என்றால் ஒன்றுதான். பறக்கும் கட்டிலில் ஏறி வரும் ராஜகுமாரன். மேகத்துக்கு மேல் ஓர் அரண்மனையில் அடைபட்டுக் கிடக்கும் ராஜகுமாரி. தாடிக்குள் பாம்பு வளர்க்கும் மந்திரவாதி. கல்யாணமான புதிதில் நகரிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது, அங்கே டென்ட்டுக் கொட்டகையில் பெண்டாட்டியோடு பார்த்தாராம். முழுக் கதையையும் எனக்குச் சொன்னார். மந்திரவாதி சாவதற்குள் பஜ்ஜி ஆறிவிட்டது.

"கடைசியில ராஜகுமாரி ஒரு பொடவ கட்டிக்கினு கட்டில்ல ஏறுவா பாரு. அது நம்மூர்ப் பொடவதான்பா. கரையப் பாத்தாலே சொல்லிடுவேன்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அது நான் இல்லை.

"ஆமாங்க. அத தறியில நெஞ்சதே எங்க பெரியப்பாதான்."

பெரியப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் மறுக்க ஆள் இல்லை. பெண்ணின் அப்பா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அடுத்த முகூர்த்தத்தில் அவர் எனக்கு மாமனார் ஆனார்.

இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. இந்த இருபத்தைந்து வருடத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமனார் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்வார். "எங்க மாப்ள. இவுங்க பெரியப்பாதான் அந்த ராஜகுமாரி பொடவய நெஞ்சவரு." நான் அடக்கமாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை மட்டும் நன்றாகப் பழகி வைத்திருந்தேன்.

போன மாசி மாதம் அவருக்கு எண்பதாம் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். குறித்த அன்றே எனக்கு போன் வந்தது. நேரில் போனேன். அவர் கை இப்போதெல்லாம் டம்ளரைப் பிடித்தாலே நடுங்கும். தறியை விட்டுப் பல வருடம் ஆகிறது.

"மாப்ள, உங்க அத்தைக்கு அன்னைக்கு டென்ட்டுல வாக்கு குடுத்தேன். அதே பொடவய உனக்கு நெஞ்சு கட்டி வுடறேன்னு. ஊருக்கெல்லாம் நெஞ்சேன், இவளுக்கு முடியல. இப்ப என் கை ஒதவாது. நீங்க நெய்யுங்க. மறுபடி தாலி கட்டறப்ப அவ அதக் கட்டிக்கினு இருக்கணும்."

"அதுக்கென்ன மாமா, நெஞ்சிடலாம்."

"கரை படத்துலயே தெரியும். கலர்தான் தெரியாது. கறுப்பு வெள்ளப் படமாச்சே. உங்க பெரியப்பா சொல்லியிருப்பாரே?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயது மனிதர், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி.

"சொல்லியிருக்காரு மாமா" என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தைந்து வருடமாக அவளிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். பாதி நேரம் திட்டினாள், பாதி நேரம் சிரித்தாள்.

"அப்ப என்னையே பொய் சொல்லித்தான் கட்டினியா?"

"நீ ஏற்கெனவே சரின்னுட்ட. உங்கப்பாவத்தான் பொய் சொல்லிக் கட்டினேன்."

அன்றைக்குத்தான் அந்தப் படத்தை முதல்முதலாக போனில் பார்த்தேன். அழகான படம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நெசவுக்காரன் சினிமா பார்க்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாது. ராஜகுமாரி கண்ணீர் விடுகிறாள், நான் முந்தியில் கோடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். கரையில் அன்னம், அதற்கு மேல் ருத்திராட்சம், சந்தேகமே இல்லை. புடவையின் உடல் மட்டும் சாம்பல். அழுத்தமான, நல்ல சாம்பல். யாரோ கலர் பூசி விட்ட ஒரு காட்சியும் கிடைத்தது. அதில் புடவை கட்டிலில் ஏறும்போது ரோஸ், இறங்கும்போது நீலம். மந்திரவாதியின் தாடி கூடப் பச்சை.

மனைவிக்குத்தான் அந்த யோசனை வந்தது. சாயக்காரர் வீட்டுக்குப் போய், காயப் போட்டிருந்த பட்டு நூல் கற்றைகளை, எங்கள் பேச்சில் சிட்டங்களை, ஒவ்வொன்றாகக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தோம். எந்தச் சாம்பல் ராஜகுமாரியின் சாம்பலோடு ஒத்துப்போகிறதோ அதுதான் கலர். கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. சாயக்காரர் கையிலிருந்த சாயத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாண்ணே, நான் உயிரக் குடுத்து கலர் ஏத்தறேன், நீங்க அத எடுத்துட்டு போட்டோ புடிக்கிறீங்க?"

கடைசியில் நான்கு சிட்டங்கள் ஒரே சாம்பலாக வந்து நின்றன. அரக்கு, கரும்பச்சை, மயில்கழுத்து, கத்திரிப்பூ. நாட்களோ குறைந்துகொண்டே வந்தன. பாவு நூலுக்கு இனிமேலும் சாயம் போடாவிட்டால் கல்யாணத்துக்குள் புடவை தறியை விட்டு இறங்காது.

அந்தச் சனிக்கிழமை மாமனார் திருப்புட்குழிப் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தார். நான்கு சிட்டங்களையும் பையில் போட்டுக்கொண்டு மாமியாரைப் பார்க்கப் போனேன். படம் பார்த்தவர் அவரும்தானே. கட்டிலில் வரிசையாகப் பரப்பினேன்.

"அத்த, கொஞ்சம் ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. ராஜகுமாரி பொடவயப் பாத்தப்ப உங்களுக்கு இன்னா கலர் மாதிரி தோணிச்சு?"

மாமியார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சிட்டங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் எங்க அவளப் பாத்தேன் மாப்ள? ராஜகுமாரனத்தான் பாத்துக்கினு இருந்தேன். இன்னா மூக்குன்றீங்க அவனுக்கு!"

நான் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க பெரியப்பாதான் நெஞ்சாருன்னீங்களே, அவரு சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஐயம்பேட்டையில துண்டு நெஞ்சிக்கினு இருந்த மனுசன். பட்டுத் தறியில ஒக்காந்ததே கெடையாது. அப்பல்லாம் எங்க வீட்டுல கையத் தொடக்கிற துண்டு பூரா நான் அவரு கிட்ட வாங்கினதுதான். நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாரேன்னு சொல்லல."

"ஏமி சொல்லல?"

வாசலில் மாமனார் நின்றிருந்தார். ஷேர் ஆட்டோ அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் கிடைத்திருக்கிறது. கையில் துளசி. எவ்வளவு கேட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. எழுந்து நின்றேன். "மாமா, எனக்குக் கலர் தெரியாது. பெரியப்பா அத நெய்யல. பொண்ணு கெடைக்கணும்னு சொல்லிட்டேன்" என்றேன்.

கோபம் வந்தால் அவருக்கு மாப்பிள்ளை மரியாதை போய்விடும். "ஏமய்யா, கறுப்பு வெள்ளப் படத்துக்குக் கலர் எவனுக்குத்தான் தெரியும்? தெரியலன்னு நீ சொல்லியிருந்தா போச்சு. தெரியும்னியே. உன்ன நம்பி ஊர்பூராச் சொல்லி வச்சேன். இவ கிட்டயும் சொன்னேன், வந்துடும் வந்துடும்னு." துளசியை மேஜை மேல் வைத்தார். கை நடுங்கியதில் பாதி கீழே விழுந்தது. "இப்ப இவளுக்கு எதக் குடுப்பேன்?"

நான் குனிந்து துளசியைப் பொறுக்கினேன். நிமிரவே மனம் வரவில்லை.

மாமியார்தான் பேசினார். "அந்த ராஜகுமாரி எதக் கட்டினா எனக்கு இன்னா? வாக்கு அவளுக்கா குடுத்த, எனக்குத்தான குடுத்த? என்ன எவனாவது கேட்டீங்களா, உனக்கு எந்தக் கலர் வேணும்னு?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை.

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி. உனக்கு எது வேணும்?"

மாமியார் கத்திரிப்பூ சிட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாமனார் அதையே வெகுநேரம் பார்த்தார். "இதுதான்" என்றார். "ராஜகுமாரி கட்டினது இதேதான். இப்ப எனக்கு நல்லா ஞாபகம் வருது."

என்னிடம் மட்டும் இரண்டு வாரம் பேசவில்லை. தினமும் வந்து தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரையில் அன்னத்தின் கழுத்து வளைகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் "கழுத்து கோணுது" என்றார். அன்றைக்கு எனக்கு மனசு லேசானது. அவிழ்த்து மறுபடி நெய்தேன்.

எண்பதாம் கல்யாணத்தன்று கத்திரிப்பூவில் மாமியார் வந்து நின்றபோது, மாமனார் ஐயர் சொன்ன மந்திரத்தைக் கவனிக்கவே இல்லை. இரண்டு தடவை தொட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் வழக்கம்போல என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க மாப்ள. அந்த ராஜகுமாரி பொடவய நெஞ்சாரே, அவரோட தம்பி மகன். அதே கலர்தான், பாத்தியா?" சொல்லும்போதே என் கையைப் பலமாகக் கிள்ளினார்.

பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஐயம்பேட்டக்காரரு தம்பி மகனா நீ? அவரு துண்டு இல்ல நெஞ்சிக்கினு இருந்தாரு?"

மாமனார் அசரவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பாருக்குச் சோற்றில் பாத்தி கட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆமா. துண்டும் நெஞ்சாரு."