நவுஷாத்தின் இடது கை

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கும் நவுஷாத் பேஸ் கிட்டார் வாசிப்பான் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் பதினாலு வருஷமாக வாசிக்கிறான், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களே அவனைக் கவனித்ததில்லை. பாடகரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிப்பவரைப் பார்ப்பார்கள், கீபோர்டு வாசிக்கும் என்னைக்கூடப் போனால் போகிறதென்று ஒரு தடவை பார்ப்பார்கள். பேஸ் கிட்டார் நின்றுபோனால்தான் பாட்டில் ஏதோ குறைகிறதே என்று முகம் சுளிப்பார்கள்.

அவன் வாசிக்கக் கற்றது முழுக்க எண்ணிக்கையில். சுரம், ஸ்கேல் என்று பேசினால் கொட்டாவி விடுவான். இந்தப் பாட்டுக்கு மூன்றாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட் (கழுத்துப் பலகையில் உள்ள கட்டம்), பிறகு அடுத்த கம்பியில் ஐந்து என்று நோட்டில் எழுதி வைத்து, விரலுக்குப் பழக்கிவிடுவான். எங்கள் குழுவில் சேரும்போதே அப்படி நானூறு பாட்டுக்கு மேல் பழக்கியிருந்தான். விரல் தானாகப் போய் உட்காரும்.

இதற்குக் குறுக்கே வந்தது வெற்றிவேல் அண்ணனின் தொண்டை. எங்கள் குழுவை நடத்துகிறவரும் முக்கியப் பாடகரும் அவர்தான். இளவயதில் தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். மைக் இல்லாமல் ஊருக்கே கேட்கப் பாடிப் பழகிய குரல், சினிமாப் பாட்டின் சுருதிக்கு இறங்கி வராது. எல்லாப் பாட்டும் அவருக்கு ஒரு கட்டை ஏறித்தான் இருக்க வேண்டும். எனக்கு அதில் கஷ்டமே இல்லை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் கை பழைய இடத்திலேயே இருக்கும், சுருதி மட்டும் ஏறிவிடும்.

நவுஷாத் என்னிடம் கேட்டான், தான் என்ன செய்வதென்று. ஒரு கட்டை ஏற, நானூறு பாட்டையும் இரண்டு ஃபிரெட் தள்ளி வாசிக்கப் பழக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது அவனுடைய முதல் ரிகர்சல், முடிந்தால் போதுமென்று இருந்தது. கிட்டார் தலையில் இருக்கும் சாவியைத் திருகி நான்கு கம்பியையும் ஒரு கட்டை ஏற்றிக்கொள், கை மாற்ற வேண்டியதில்லை என்றேன். அவனுக்கும் அது சுளுவாகப் பட்டது.

அந்த ஒரு திருகலில் எல்லாம் ஆரம்பித்தது. ஏற்றிக் கட்டிய கம்பி அடிக்கடி அறுந்தது. மெல்லியதாக இருப்பதால்தான் அறுகிறது என்று முடிவு கட்டி, அவன் பாண்டிச்சேரியில் தடித்த செட்டாகப் பார்த்து வாங்கினான். அறுவது நின்றது. ஆனால் தடித்த கம்பியை அதே சுருதிக்கு ஏற்ற இன்னும் இழுக்க வேண்டும். வருஷக்கணக்கில் அந்த இழுப்பைத் தாங்கிய கிட்டாரின் கழுத்து முன்பக்கம் வளைந்துவிட்டது. கம்பிகள் பலகையை விட்டு எழும்பி நின்றன. ஒவ்வொரு சுரத்துக்கும் கம்பியைக் கீழே கொண்டுபோய் அழுத்திப் பிடிப்பது தண்ணீர் இறைக்கிற வேலையானது.

ஆறாவது பாட்டுக்கு மேல் கட்டைவிரலின் அடிச்சதை கல்லாகிவிடும் என்பான். பிறகு சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. கடையில் மேல்தட்டிலிருந்து செருப்புப் பெட்டியை இடது கையால் எடுத்தால் நழுவியது. போன தை மாதம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்தில், பாட்டுக்கு நடுவே விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. மிச்சப் பாட்டை எதையும் அழுத்தாமல் வெறும் கம்பியைத் தட்டியே ஒப்பேற்றினான்.

டாக்டர் மணிக்கட்டுக்கு ஒரு பெல்ட் கொடுத்து, ஒரு மாதம் கிட்டாரைத் தொடக்கூடாது என்றார். வெற்றிவேல் அண்ணன் என்னிடம் வந்தார். கீபோர்டின் இடது பக்கத்தில் பேஸ் சத்தத்தை வைத்து நீயே வாசித்துவிடேன், அவனும் எத்தனை நாள்தான் அவஸ்தைப்படுவான் என்றார். செய்யலாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி மேடையில் இரண்டு பேர் வேலையை ஒரே ஆளாகப் பார்ப்பேன் அல்லவா. அந்த அற்பத்தனத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

செய்தி நவுஷாத்துக்குப் போய்விட்டது. அவன் மனைவி ருக்ஷானா எனக்குப் போன் செய்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் அளவைத் தவிர வேறு பேசுவதில்லை, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்றாள். கடைசியில், "அவுர எடுத்துடாதீங்கண்ணே, அது ஒண்ணுதான் அவுருதுன்னு இருக்குது" என்றாள்.

அந்த ஒரு மாதத்தில்தான் கிட்டாரில் ஒரு கம்பி தானாக அறுந்தது. பாண்டிச்சேரிக் கடையில் அவனுடைய தடித்த செட் இல்லை. ஆன்லைனில் தேடினான், உடனே வருவதாக இருந்தது மெல்லிய செட் ஒன்றுதான். சும்மா கிடக்கிற கிட்டாருக்கு இது போதும் என்று நான்கு கம்பியையும் மாற்றி மாட்டினான். மெல்லியதாயிற்றே, அறுந்துவிடுமோ என்ற பயத்தில் சுருதியை ஏற்றவில்லை. இழுப்பு குறைந்ததும் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது, கம்பி தாழ்ந்தது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் திருகையும் கால் சுற்றுத் திருப்பிப் பார்த்து மிச்சத்தைச் சரி செய்தான். டாக்டர் சொன்ன மாதம் முடிந்த அன்று காலை, கடை திறக்கும் முன் முக்கால் மணி நேரம் வாசித்திருக்கிறான். கை வலிக்கவில்லை.

அன்றே டவுன் பஸ் ஏறி, கிட்டாரோடு கச்சிராயபாளையத்தில் என் வீட்டுக்கு வந்தான். நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். அழுத்திப் பார் என்று கையில் கொடுத்தான். கம்பி விரலுக்கு அடியில் சொன்னபடி கேட்டது.

"கம்பிய ஏத்தாம உன் பட்டனுக்கு வாசிக்க முடியுமா, அறிவு?" என்று கேட்டான்.

இரண்டு ஃபிரெட் தள்ளி வாசிக்க வேண்டும், எல்லாப் பாட்டையும் புதிதாகப் பழக வேண்டும் என்றேன்.

கிட்டாரை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டான். "அப்பவே தெரியுமா உனுக்கு?"

தெரியும் என்றேன். அவன் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

ஒன்பது நாள் கழித்துக் களமருதூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அதில் ஒழுங்காக வாசித்தால் நவுஷாத் தொடரட்டும், தடுமாறினால் அடுத்த நிகழ்ச்சியிலிருந்து பேஸையும் அறிவே பார்த்துக்கொள்ளட்டும் என்று வெற்றிவேல் அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

முதல் பாட்டு தப்பித்தது. இரண்டாவதில் அவன் விரல்கள் பழைய வீட்டுக்கே போய்விட்டன. பாட்டு ஒரு சுருதியிலும் பேஸ் ஒரு கட்டை கீழேயும் ஓடின. மாப்பிள்ளை வீட்டார்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வெற்றிவேல் அண்ணன் பார்த்த பார்வையில் நவுஷாத்துக்கு முகம் செத்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது பாட்டைத் தொடங்கும் முன் டிரான்ஸ்போஸ் பட்டனை அணைத்துவிட்டேன். இனி பாட்டு சினிமாவில் உள்ள சுருதியிலேயே போகும், அவன் பழைய விரல்களே பொருந்தும். பொருந்தின. பேஸ் அழகாக உருண்டது. பாடத் தொடங்கிய வெற்றிவேல் அண்ணன்தான் மாட்டிக்கொண்டார். பல்லவியின் கீழ்ச்சுரங்களில் குரல் வெறும் காற்றாக வந்தது. கழுத்து நரம்பு புடைக்க அமுக்கி அமுக்கிப் பாடினார். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, தொண்டையைத் தடவிக்கொண்டார். பல்லவி முடிந்து இடையிசை வந்ததும் நவுஷாத் என் பக்கம் நகர்ந்து வந்தான்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க? பட்டனப் போடு."

"நீ தடுமாறுவடா."

"தடுமாறுறேன் போ. அவுரு தொண்டையும் என் கை மாதிரிதான. வலிக்கும்."

எனக்கு முன்னால் கோரஸ் மைக் இருந்ததை நாங்கள் இருவருமே மறந்துபோனோம். அவன் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது. நான் பட்டனை அழுத்தினேன். சுருதி ஏறியது, வெற்றிவேல் அண்ணன் எங்களைப் பார்த்தபடியே சரணத்தை எடுத்தார், குரல் கணீரென்று வந்தது. நவுஷாத் குனிந்து, ஃபிரெட்டை ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணி, தாளத்துக்கு ஒரு சுரம் மட்டும் வைத்தான். அதிலும் இரண்டு தப்பு.

பாட்டு முடிந்ததும் அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு அவனிடம் போனார்.

"எத்தினி பாட்டு பழகி வச்சிருக்க?"

"பதினொண்ணுதாண்ணே."

அவர் சட்டைப் பையிலிருந்த பாட்டுப் பட்டியலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "உனுக்குத் தெரிஞ்சத டிக் பண்ணு. இன்னிக்கி அதான் பாடப்போறேன்."