செருமினால் திறக்காத கதவு

இந்த ஊரில் ஒருவர் வீட்டு வாசலில் நின்று தொண்டையைச் செருமினால் கதவு திறக்காது. மிலானுக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. நான் காவல் வேலை செய்யும் மாடிக் கட்டடத்தில், தபாலைக் கொண்டுபோய்க் கதவருகே நின்று செருமுவேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். மறுபடியும் செருமுவேன். முதலாம் மாடியில் இருக்கும் கிழவர் ஒருநாள் தற்செயலாகக் கதவைத் திறந்தார். என்னைக் கண்டு திடுக்கிட்டு, உள்ளே போய் இருமல் மருந்து ஒரு போத்தலைக் கொண்டுவந்து கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம்.

இலங்கையில், டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அழைப்பு மணி கிடையாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள். ஆகவே ஆண்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையில் நின்று செருமுவோம். உள்ளே ஒரு பெண் குளித்துவிட்டு நிற்கலாம், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு ‘யாரு, வாங்க’ என்ற பிறகுதான் காலை வைப்போம். கதவைத் தட்டுகிறவன் ஒன்று பொலிஸ்காரன், இல்லையென்றால் குடித்துவிட்டு வந்தவன். உள்ளே ஆணும் பெண்ணுமாக இருந்து கதவும் சாத்தியிருந்தால் செருமவும் மாட்டோம். வந்த வழியே திரும்பிவிடுவோம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் இந்த மரியாதையை நான் மறந்ததில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாம் மாடியில் ப்ரூனா என்றொரு பெண் இருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் கமரா வைத்து வேலை செய்வதாக, நான் வந்த புதிதில் என்னிடம் சொன்னார். கல்யாணப் படம் எடுக்கிறவர் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊருக்குப் போன் பேசும்போது என் மனைவி செல்வியிடமும் அப்படியே சொன்னேன். “நல்லதாப் போச்சுங்க. அந்தம்மாகிட்ட சொல்லி நீங்களும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க. மூஞ்சியே மறந்துருச்சு” என்றாள். இந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்த நிமல், சிலாபத்துச் சிங்களவர். அவரிடம் இதைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மச்சான், நீ படம் எடுக்கப் போயிறாதே. அவ எடுக்கிறது வயசுக்கு வந்தவங்க மட்டும் இன்டர்நெட்ல காசு குடுத்துப் பாக்கிற படம்” என்று சிங்களத்தில் சொன்னார். அன்று முதல் நான் ப்ரூனாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருடைய சப்பாத்துக்குத்தான் ‘பொன்ஜோர்னோ’ என்று வணக்கம் சொல்வேன்.

ஒரு மத்தியானம் அவரே கீழே என் கண்ணாடிக் காவலறைக்கு வந்தார். இதுவரை தனியாகவே வேலை செய்தாராம். இனி வேறு ஆட்களோடும் சேர்ந்து படம் எடுக்கப் போகிறாராம். என்னிடம் ஓர் உதவி கேட்டார். புது ஆள் யாராவது வந்தால், வந்து அரைமணி நேரத்தில் நான் கீழிருந்து அவருடைய வீட்டுக்கு இன்டர்கொம்மில் பேச வேண்டும். ‘எல்லாம் சரி’ என்று அவர் சொன்னால் வேலை முடிந்தது. ‘பார்சல் வந்ததா’ என்று கேட்டால் நான் உடனே மேலே ஏறி வந்து மணி அடிக்க வேண்டும். திறக்கும்வரை அடிக்க வேண்டும்.

 முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘சி, சின்யோரா’, சரி அம்மா என்றுதான் வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேலைக்காரருக்கு வேலை சொல்வதுபோல விளக்கினார். யாரையும் முதலில் வீட்டில் சந்திப்பதில்லை. பகலில், ஆட்கள் இருக்கும் கோப்பிக் கடையில்தான். அவருடைய சினேகிதி பக்கத்து மேசையில் இருப்பாள். அடையாள அட்டையையும் புது இரத்தப் பரிசோதனைத் துண்டையும் பார்ப்பார். எது செய்வது, எது செய்வதில்லை என்று முன்கூட்டியே பேசி இருவரும் கையெழுத்து வைப்பார்கள். இடையில் யார் நிறுத்து என்றாலும் நிறுத்த வேண்டும். “கடைசியாக நீங்கள், சின்யோர் முத்து” என்றார். “என்னை ஏன் கேக்கிறீங்க?” என்றேன். “நீங்கள் ஒருவர்தான் என்னை வெறித்துப் பார்க்காதவர்” என்றார். அது மரியாதை இல்லை, அருவருப்பு என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இத்தாலியன் தெரியாது.

வந்த முதலாவது ஆள் பார்க்க வங்கியில் வேலை செய்கிறவர் போல இருந்தார். எனக்கு வணக்கம் சொல்லி, கால்மிதியில் சப்பாத்தைத் துடைத்துவிட்டு மேலே போனார். அரைமணி கழித்து இன்டர்கொம்மை அழுத்தினேன். சற்றுத் தாமதித்து ப்ரூனாவின் குரல் வந்தது. “பார்சல் வந்ததா?” சந்தைக்குப் போகிறவர் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

படியேறி ஓடினேன். அதில் குறை சொல்ல முடியாது. கதவுக்கு முன்னால் போய் நின்றதும் கை மணியை நோக்கிப் போனது, பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் ஆணும் பெண்ணும். சாத்திய கதவு. நான் செருமினேன். பதில் இல்லை. பலமாகச் செருமினேன். அந்தக் கதவு எவ்வளவு தடிப்பானது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் துடைப்பவன் நான்தான். ஆனாலும் செருமிக்கொண்டே நின்றேன். நிற்கும்போது மனதில் ஒரு கேள்வி வந்தது. இவரேதானே அந்த ஆளை வரச்சொன்னார்?

உள்ளே ஏதோ விழுந்தது. “நோ!” என்று அவர் கத்தியது அந்தத் தடித்த கதவையும் தாண்டி வந்தது. அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று முழுதாக நினைவில்லை. மணியை அழுத்தியபடி மற்றக் கையால் கதவை அடித்து, “தொறங்க! கதவத் தொறங்க!” என்று தமிழில் கத்தியிருக்கிறேன். கீழ்மாடிக் கிழவரும் ஏறி வந்துவிட்டார். கதவு திறந்தது. அந்த ஆள் சேர்ட்டின் பொத்தானைப் போட்டபடி, எங்கள் இருவரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

ப்ரூனா குளிருக்குப் போடும் நீளக் கோட்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். மணிக்கட்டு சிவந்திருந்தது. பேசிக்கொள்ளாத ஒன்றை அவன் செய்யப் பார்த்தானாம். நிறுத்து என்றபோது சிரித்தானாம். பிறகு கையைப் பிடித்துவிட்டானாம். “எப்போது மேலே வந்தீர்கள்?” என்று கேட்டார்.

“அப்பவே வந்துட்டேன்.”

“ஏன் மணி அடிக்கவில்லை?”

“செருமினேன்” என்றேன். அதற்கு இத்தாலியன் சொல் தெரியாமல் செருமியே காட்டினேன்.

 அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அழுகையாக மாறியது. கிழவர் தண்ணீர் கொண்டுவரப் போனார். நான் ப்ரூனாவின் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று அவை வெறுங்காலாக இருந்தன.

அவர் என்மீது கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. பொலிஸுக்குப் போய்விட்டு வந்த மறுநாள், மணி வேலை செய்கிறதா என்று என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னார். “நீளமாக, சின்யோர் முத்து. இன்னும் நீளமாக” என்றார். கதவருகே செருமியதை மரியாதை என்று அவருக்கு விளக்கிவிட்டேன். அப்போது மனதில் வந்த கேள்வியை விளக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குச் சொந்தமானதும் இல்லை. எங்கள் லயத்திலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்பி வந்தபோதெல்லாம் இஸ்தோப்பில் இருந்தவர்கள் கேட்டது அதுதான். அவளேதானே போனா? அந்தக் கேள்வியை நான் விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்திருக்கிறேன்.

இது நடந்து கொஞ்ச நாளில் செல்வி போனில் ஒரு செய்தி சொன்னாள். எங்கள் மூத்த மகள் பவானி கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாளாம். தங்குவது முதலாளி வீட்டு மேல்மாடியில், தனி அறை.  பவானியைக் கூப்பிடச் சொல்லி, என்னை அறியாமலே சொல்லத் தொடங்கினேன். முதலாளியை முதலில் கடையில், ஆட்கள் இருக்கும்போதே பார்த்துப் பேசு. என்ன வேலை, என்ன வேலை இல்லை என்று அப்போதே கேட்டுவிடு. கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தியிடம் எங்கே இருக்கிறாய் என்று எப்போதும் சொல்லி வை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் அடி. பயமாக இருந்தால் இரண்டு அடி.

“என்னப்பா, பாடமாக்கி ஒப்பிக்கிற மாதிரி சொல்றீங்க?” என்றாள். “ஒரு பேச்சு பேச மாட்டீங்க. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“இங்க மேல் வீட்ல ஒரு அம்மா இருக்காங்க.”

“அந்தப் படம் புடிக்கிறவங்களா?”

“ஆமா.”

“ரொம்ப நல்லவங்க போலப்பா. நான் கேட்டேன்னு சொல்லுங்க.”

சொல்லவில்லை. மகளின் பெயரை அந்த வீட்டு வாசலில் சொல்ல இன்னும் நா எழவில்லை. மகளைக் காப்பாற்ற அந்த வாசலில் கற்றதை மட்டும் எடுத்துக்கொண்டேன். இதை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது.

நேற்று ப்ரூனா வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார். அரைமணி ஆனது. இன்டர்கொம் பழுது என்பதால் நேராக ஏறிப்போனேன். மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேரவும் பையில் போன் அடித்து நிற்கவும் சரியாக இருந்தது. பவானி. அது ஒன்றோடு நிற்குமா, இன்னொன்று வருமா என்று போனைக் காதருகே பிடித்துக்கொண்டேன். மற்றக் கையின் விரலை மணியில் வைத்து அழுத்தினேன், நீளமாக. “எல்லாம் சரி, சின்யோர் முத்து!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. விரலை எடுத்தேன். ஆனால் கீழே இறங்கவில்லை. கொழும்பில் நான் கண்ணால் கண்டிராத ஒரு மேல்மாடிக் கதவு இருக்கிறது. அதன் முன்னால் ஓடி வந்து மணி அடிக்க யாரும் இல்லை. கையில் பேசாத போனோடு, இங்கே திறக்கத் தேவையில்லாத கதவின் முன்னால், படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.