கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

ஜொகூர் பாரு மருத்துவமனையில் எனக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தபோது, யார் கட்டி எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்று கணக்குப் போடும் பெண் ஒருவர் அங்கே இருந்தார். அவர் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்.

நான்காவது வாரமும் என் கட்டி சுருங்கவில்லை. பாசிர் கூடாங் ஆலையில் ஒரு வேலையும் சொதப்பாத எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் தன் வரைபடத்தைக் காட்டினார். மற்ற நோயாளிகளின் புள்ளிகளெல்லாம் கோட்டை ஒட்டியிருக்க, என்னுடையது மட்டும் தனியே மேலே நின்றது.

"என் புள்ளிய அழிச்சிடுங்க லா, கோடு அழகா இருக்கும்," என்றேன்.

"நீங்க தப்பா போகலண்ணே, என் கோடுதான் தப்பு. எல்லாக் கட்டியும் ஒரே மாதிரியாவா இருக்கு? சிலது மெதுவாத்தான் கரையும்," என்றவர், ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தார்.

சிகிச்சையின் கடைசி நாளில் அதே தாளில் புதிதாக இரண்டு கோடுகள் இருந்தன. மெதுவாகக் கரையும் கட்டிகளுக்கான இரண்டாவது கோட்டில் என் புள்ளி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளி.

"இது யாரு?"

"அத சொல்லக்கூடாதுண்ணே. உங்கள மாதிரி ஒருத்தவங்க."

இப்போதும் பரிசோதனைக்குப் போனால், காத்திருக்கும் முகங்களில் அந்த ஒருவரைத் தேடுகிறேன். முகம் தெரியாத ஒருவரை எனக்குச் சொந்தமாக்கிவிட்டார் அந்தப் பென்சில்காரம்மா.